இருபது நிமிடக் காலை: ஒரு சமையலறை நாட்குறிப்பு

ஜூன் 2, திங்கள்

மகளின் நீச்சல் பயிற்சி இன்று முதல் காலை ஆறு மணிக்கு மாறியிருக்கிறது. கணவர் ஆறரைக்குள் கிளம்ப வேண்டும். மகனுக்கு ஏழே முக்காலுக்குப் பள்ளி வாகனம். எனக்கு எட்டரைக்கு அலுவலகம். நால்வரும் நான்கு நேரத்தில் நான்கு திசையில் புறப்படுகிற வீட்டில், எல்லோரும் ஆற அமர உட்கார்ந்து காலை உணவு உண்பது விடுமுறை நாளுக்கு மட்டும் உரியதாகிவிட்டது.

இன்று ஐந்து இருபதுக்கு எழுந்து அரக்கப் பரக்க அடுப்பை மூட்டியும் பால் பொங்கி வழிந்ததுதான் மிச்சம். மகள் இரண்டு பிஸ்கட்டை வாயில் போட்டுக்கொண்டு ஓடினாள். திரும்பி வந்ததும், "கடைசிச் சுற்றில் கையே ஓடவில்லை அம்மா" என்றாள். அதைக் கேட்டபோது எனக்கும் கை ஓடவில்லை.

இரவில் உட்கார்ந்து அந்த இருபது நிமிடத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பால் காய்ச்ச நான்கு நிமிடம், தண்ணீர்ப் புட்டியைத் தேடிக் கழுவி நிரப்ப ஐந்து நிமிடம், அடுப்பைத் துடைக்க இரண்டு நிமிடம். மீதி ஒன்பது நிமிடமும் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு என்ன கொடுக்கலாம் என்று யோசித்தபடி நின்றிருக்கிறேன். சமைக்க நேரமில்லை என்று இத்தனை நாள் நான் சொல்லிவந்தது பாதிப் பொய். யோசிக்கிற வேலையை முதல் நாள் இரவுக்கு மாற்ற முடிகிறதா என்று மூன்று வாரம் பார்ப்பதாக முடிவு செய்து இந்தக் குறிப்பைத் தொடங்குகிறேன்.

ஜூன் 3, செவ்வாய்

முதல் முயற்சி, இரவே ஊறவைத்த ஓட்ஸ். ஆளுக்கு 40 கிராம் ஓட்ஸ், 120 மில்லி காய்ச்சி ஆறிய பால், மூன்று மேசைக்கரண்டி கெட்டித் தயிர் என்று நான்கு கண்ணாடிக் குப்பிகளில் கலந்து, மூடிக் குளிரில் வைத்தேன். காலையில் திறந்தால் சுவரொட்டி ஒட்டுகிற பசை! அவசரத்துக்கு என்று விற்கிற, பொடியாக நசுக்கிய ஓட்ஸை வாங்கியது என் பிழை. ஓட்ஸில் பீட்டா குளுக்கான் என்ற கரையும் நார்ச்சத்து இருக்கிறது. தண்ணீரை உறிஞ்சிக் கொழகொழப்பாக மாறுவது அதன் இயல்பு. அந்தக் கொழகொழப்புதான் பசியைத் தாங்க வைப்பதும். துகள் எவ்வளவு பொடியாக இருக்கிறதோ அவ்வளவு விரைவில் அது வெளியே வந்துவிடும். தடித்த இதழ்களாக இருக்கும் ஓட்ஸை வாங்கி இன்றிரவு மறுபடி ஊறவைத்திருக்கிறேன்.

இந்த யோசனை ஒன்றும் புதிதல்ல. ஏறத்தாழ 1900இல் சூரிச்சில் மாக்ஸிமிலியன் பிர்ஷர்-பென்னர் என்ற மருத்துவர் தம் நோயாளிகளுக்குக் கொடுத்த மியூஸ்லியும் இரவெல்லாம் ஊறிய ஓட்ஸ்தான். ஆனால் அவருடைய அளவைப் பார்த்தால் ஓட்ஸ் ஒரே ஒரு மேசைக்கரண்டி. ஆப்பிளோ தோலோடு துருவியது 200 கிராம். அவரைப் பொறுத்தவரை அது பழ உணவு. தானியம் அதற்குத் துணை. நாம் காலப்போக்கில் தலைகீழாக்கிவிட்டோம். நாளைக் காலை ஆளுக்குப் பாதி ஆப்பிளாவது துருவிச் சேர்க்கப் போகிறேன்.

ஜூன் 5, வியாழன்

தடித்த ஓட்ஸ் நன்றாகவே வந்தது. கணவருக்கு மட்டும் காலையில் சில்லென்று சாப்பிடுவது ஒத்துவரவில்லை. "இது சாப்பாடா, தண்டனையா?" என்றார். அவருடைய குப்பியைச் சுடுநீரில் ஐந்து நிமிடம் நிறுத்திக் கொடுக்க வேண்டியதாயிற்று.

நேற்று மாலை ஆறு முட்டைகளை வேகவைக்கப் போட்டுவிட்டுத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்ததில் இருபத்தைந்து நிமிடம் கொதித்துவிட்டன. இன்று உரித்தபோது மஞ்சள் கருவைச் சுற்றிச் சாம்பல் பச்சை வளையம். மகன் அதைப் பார்த்துவிட்டு, "அம்மா, இதில் பூஞ்சை பிடித்திருக்கிறது" என்று தட்டைத் தள்ளினான். பூஞ்சையல்ல, வெந்தது போதும் என்ற பிறகும் வேகவிட்டால் வெள்ளைக் கருவிலுள்ள கந்தகம் வாயுவாகி, மஞ்சள் கருவிலுள்ள இரும்போடு சேர்ந்து இந்த நிறத்தைக் கொடுக்கிறது. உண்பதால் கேடில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவன் நம்பவில்லை. கொதிக்கும் நீரில் முட்டையை மெல்ல இறக்கி, பதினோரு நிமிடத்தில் எடுத்துக் குளிர்ந்த நீரில் போட்டால் இந்த வளையமும் வராது, ஓடும் எளிதில் கழன்றுவரும். இன்றுதான் வாங்கிய முட்டையை உரிக்கப் போனால் வெள்ளைக் கரு பிய்ந்து ஓட்டோடு போய்விடுகிறது. நாலைந்து நாள் கழிந்தால் உள்ளிருக்கும் கரியமில வாயு ஓட்டின் நுண்துளை வழியே வெளியேறிக் காரத்தன்மை கூடுவதால், தோல் விட்டுக் கொடுக்கிறது. ஆகவே பழைய அட்டை வேகவைக்க, புது அட்டை ஆம்லெட்டுக்கு. ஓட்டோடு குளிரில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும்.

புரதத்துக்காக நான் ஓர் எளிய கணக்கு வைத்திருக்கிறேன். "ஆறு" என்று பெயர். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம். ஒரு தம்ளர் பாலிலும், ஒரு கைப்பிடி வேர்க்கடலையிலும், அரைக் கோப்பை வெந்த கொண்டைக்கடலையிலும் அதே அளவோ சற்றுக் கூடுதலோதான். காலைத் தட்டில் இரண்டு ஆறு இருக்க வேண்டும் என்பது மட்டுமே விதி. தராசு தேவையில்லை.

ஜூன் 8, ஞாயிறு

இன்று சமையலறையில் இரண்டு மணி நேரம். சனிக்கிழமை இரவே ஊறப்போட்ட கொண்டைக்கடலை காலையில் இரண்டு மடங்காக உப்பியிருந்தது. வேகவைத்து மூன்று டப்பாக்களில் பிரித்து, ஒன்றைக் குளிரிலும் இரண்டை உறைநிலைப் பெட்டியிலும் வைத்தேன். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

வேர்க்கடலை வெண்ணெய் கதை வேறு. அரைக் கிலோ கடலையைச் சிறு தீயில் பன்னிரண்டு நிமிடம் வறுத்து, துணியில் போட்டுத் தேய்த்துத் தோலை ஊதிவிட்டு, பாதியை மிக்ஸியில் போட்டேன். முதலில் பொடி, பிறகு ஈர மணல், அதன் பிறகு ஒரே கட்டியாகச் சேர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. கத்தி சும்மா சுற்றுகிறது. பொறுமையிழந்து இரண்டு கரண்டித் தண்ணீர் விட்டேன். அந்த நொடியே அது களிமண்ணாக இறுகிப்போயிற்று. கடலையிலுள்ள மாவும் புரதமும் தண்ணீரைப் பிடித்துக்கொள்கின்றன. எண்ணெய் அதோடு சேர மறுக்கிறது. வீணாக்க மனமில்லாமல் அந்தக் கட்டியை ஓட்ஸோடும் நறுக்கிய பேரீச்சம்பழத்தோடும் பிசைந்து உருண்டை பிடித்துவிட்டேன்.

இரண்டாம் பாதியில் தண்ணீரைத் தொடவில்லை. அரை நிமிடம் ஓட்டுவது, நிறுத்தி ஓரத்தை வழித்துவிடுவது, மிக்ஸியைத் தொட்டுப் பார்த்துச் சூடேறியிருந்தால் ஆறவிடுவது என்று மாறி மாறிச் செய்ததில் அதே பொடி, அதே ஈர மணல், அதே கட்டி எல்லாம் வந்தன. இனி ஆகாது என்று கைவிடப் போன நேரத்தில் சத்தம் மாறியது. வறட்டு உறுமல் அடங்கிக் குழைவான ஒலி. மூடியைத் திறந்தால் எண்ணெய் விட்டுப் பளபளவென்று, கரண்டியிலிருந்து நாடாவாக இறங்கியது. ஒரு சிட்டிகை உப்பு, அவ்வளவுதான்.

மாலையில் தங்கை தன் இரண்டு வயதுக் குழந்தையோடு வந்திருந்தாள். முழுக் கடலையை அந்த வயதில் கொடுக்கக் கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். ரொட்டியில் மெல்லிய பூச்சாகத் தடவிக் கொடுத்தோம், முகமெல்லாம் பூசிக்கொண்டது.

ஜூன் 10, செவ்வாய்

மகனுக்குப் பிடித்த தானியப் பொட்டலத்தின் முன்பக்கத்தில் கதிரும் சூரியனும். பின்பக்கத்தைப் பூதக்கண்ணாடி இல்லாத குறையாகப் படித்ததில், 100 கிராமில் 29 கிராம் சர்க்கரை. அவன் கிண்ணத்தில் வழக்கமாகக் கொட்டிக்கொள்வதை எடை போட்டேன், 60 கிராம். ஆக, பள்ளிக்குப் போகும் முன்பே பதினேழு கிராம் சர்க்கரை வயிற்றுக்குள்.

உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டல்படி, சேர்க்கப்படும் சர்க்கரையிலிருந்து கிடைக்கும் ஆற்றல் மொத்தத்தில் பத்து விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. ஐந்துக்குள் நின்றால் இன்னும் நல்லது. நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு அது முறையே 50 கிராமும் 25 கிராமும் ஆகும். எட்டு வயதுப் பையனுக்கு அதைவிடக் குறைவு. தேனும் பழச்சாறும்கூட இந்தக் கணக்கில் சேரும். முழுப் பழம் சேராது. ஆரஞ்சைப் பிழிந்து கொடுப்பதைவிட உரித்துக் கொடுப்பது மேல் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

பொட்டலத்தைத் தூக்கி எறிந்தால் வீட்டில் போர் மூளும். அதனால் பெரிய டப்பா ஒன்றில் அதையும் இனிப்பில்லாத சோளச் சீவலையும் சரிபாதியாகக் கலந்து வைத்திருக்கிறேன். இனிப்புப் பங்கை வாராவாரம் குறைப்பதாகத் திட்டம்.

ஞாயிற்றுக்கிழமை விபத்தில் பிறந்த உருண்டைகளுக்கு இதற்குள் ரசிகர்கள் சேர்ந்துவிட்டார்கள். அளவை ஒழுங்காக எழுதி வைக்கிறேன்: பேரீச்சம்பழம் 12, வறுத்த ஓட்ஸ் ஒரு கோப்பை, வேர்க்கடலை அரைக் கோப்பை, உப்பு ஒரு சிட்டிகை. சேர்த்து அரைத்துப் பிடித்தால் பதினான்கு வரும். ஒட்டும் பண்டம் என்பதால் சாப்பிட்டபின் வாய் கொப்பளிக்க வேண்டும். ஆளுக்கு இரண்டுக்கு மேல் இல்லை.

ஜூன் 12, வியாழன்

இரவு வேலை முடியப் பதினொன்றாகிவிட்டது, எதுவும் ஊறவைக்கவில்லை. காலையில் ரொட்டி, கடலை வெண்ணெய், வாழைப்பழம், பால். ஆறு நிமிடம். இரண்டு ஆறும் தட்டில் இருந்தன. யாரும் குறை சொல்லவில்லை.

ஜூன் 14, சனி

மகளின் விஷயத்தில் நான் செய்த தவறு இன்று தெரிந்தது. பத்து நாளாக ஒரு குப்பி ஓட்ஸை முழுவதும் தின்ன வைத்துத் தண்ணீருக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். நேற்று நடுவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கரையேறிவிட்டாள். நார்ச்சத்தும் கொழுப்பும் இரைப்பையில் நெடுநேரம் தங்குபவை; அரை மணி நேரத்தில் நீந்தப் போகிறவளுக்கு அவை சுமை. அதே சமயம், இரவு முழுவதும் உண்ணாமல் இருந்ததில் கல்லீரலின் சேமிப்புச் சர்க்கரை குறைந்திருக்கும் என்பதால் வெறும் வயிற்றோடும் அனுப்ப முடியாது.

ஆகவே இரண்டாகப் பிரித்தேன். போகும் முன் நன்கு பழுத்த வாழைப்பழம் ஒன்று. பழுக்கப் பழுக்க அதன் மாவு சர்க்கரையாக மாறிவிடுவதால் எளிதில் செரிக்கிறது. ஓட்ஸும் முட்டையும் பயிற்சி முடிந்த பிறகு. ஆனால் தயிர் கலந்த குப்பியைப் பையில் போட்டு அனுப்பினால், வெயிலில் நிற்கும் வண்டியில் அது என்ன ஆகும்? குளிரில் இருக்க வேண்டிய உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. கடும் வெயில் என்றால் ஒரு மணி நேரம்தான். பழைய தண்ணீர்ப் புட்டியை முக்கால் அளவு நிரப்பி உறையவைத்து, குப்பியோடு துணிப்பையில் சுற்றி அனுப்பினேன். குப்பி சில்லென்று இருந்தது. உருகிய நீரையும் குடித்துவிட்டு வந்திருக்கிறாள்.

ஜூன் 17, செவ்வாய்

மாலை நான்கு மணிப் பசி காலைப் பசியைவிட மூர்க்கமானது. பையை இறக்கும் முன்பே கை எதைத் தொடுகிறதோ அதுதான் உணவு. முதலில் வாயில் விழுவது நல்லதாக இருக்கட்டும் என்று, பிள்ளைகள் வருவதற்குப் பத்து நிமிடம் முன்பே மேசை நடுவில் ஒரு தட்டை வைத்துவிடுகிறேன். நறுக்கிய ஆப்பிள், எலுமிச்சைச் சாறு தெளித்தது; இல்லையேல் காற்றுப் பட்டுப் பழுப்பாகிவிடும். கொண்டைக்கடலை, வெள்ளரி, கொஞ்சம் மிளகுத்தூள். கடலையின் மேலும் எலுமிச்சை பிழிவது சுவைக்காக மட்டுமல்ல. தானியத்திலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடல் எளிதில் எடுத்துக்கொள்ள வைட்டமின் சி உதவுகிறது. வளரும் பெண்ணுக்கு அது தேவை. தேநீர் நேர்மாறாக அதைத் தடுக்கும் என்பதால், என் தேநீரை அரை மணி தள்ளி வைத்திருக்கிறேன்.

மகனின் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு வேர்க்கடலை ஒவ்வாமையாம். பள்ளிக்கு எடுத்துச் செல்லும் உருண்டையில் இனி கடலைக்குப் பதில் சூரியகாந்தி விதை. மிக்ஸியை முதலில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் அரைத்தேன்.

ஜூன் 21, சனி

வியாழன் இரவு, "நான் கலக்குகிறேன்" என்று மகன் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறிக்கொண்டான். நான்கு குப்பிகளிலும் ஓட்ஸை அளந்தான், உலர்திராட்சையை எண்ணிப் போட்டான், ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஒட்டினான். பால் ஊற்றும்போது அரைக் கரண்டிதான் வெளியே சிந்தியது. நான் பக்கத்தில் நின்று துணி மடித்துக்கொண்டிருந்தேன், சரிபார்க்கவில்லை.

நேற்றுக் காலை கணவர் தம் குப்பியைத் திறந்து சற்று நேரம் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்ஸ் இருந்தது, திராட்சையும் இருந்தது. பால் விடப்படவே இல்லை. மகன் அப்போது உறங்கிக்கொண்டிருந்தான். நான் வாயைத் திறக்கும் முன், அவர் அடுப்பில் இருந்த சூடான பாலை எடுத்துக் குப்பியில் ஊற்றி, மூடி, காலணியை மாட்டிக்கொண்டு வந்தார். ஐந்து நிமிடத்தில் திராட்சை உப்பி, ஓட்ஸ் இளகிவிட்டிருந்தது. நின்றபடியே வழித்துச் சாப்பிட்டுவிட்டு ஆறு இருபத்தைந்துக்குக் கிளம்பினார். போகும்போது வாசலில் திரும்பி, "இனி என்னுடையதில் மட்டும் பால் வேண்டாம் என்று அவனிடம் சொல்லிவிடு" என்றார்.