எக்ஸல்ட்னா சும்மா சந்தோஷம் இல்ல

நம்ம மொரீஷியஸ் பிள்ளைங்க இங்கிலீஷ்ல எழுதும்போது சந்தோஷம்னா ஹேப்பி, ரொம்ப சந்தோஷம்னா வெரி ஹேப்பி, அதோட நின்னுடறாங்க, எக்ஸல்ட்னு (exult) அவ்வளவு அழகான ஒரு வெர்ப் இருக்கு, அத யாரும் தொடறதே இல்லையேன்னு எனக்கு ரொம்ப நாளா ஆதங்கம். இத்தனைக்கும் இது நமக்கு புதுசு கூட இல்ல, ஃபிரெஞ்சுல எக்ஸுல்ட்டேன்னு இருக்குல்ல, ரெண்டுமே ஒரே லத்தீன் வேர்ல இருந்து வந்தது தான். அந்த வேருக்கு துள்ளி எழும்புறதுன்னு அர்த்தம். நாமளும் துள்ளிக் குதிச்சான்னு தானே சொல்றோம். (இன்சல்ட் கூட அதே குடும்பம் தான், அது அடுத்தவன் மேல பாயறது.)

ஆனா எல்லா சந்தோஷத்துக்கும் இத போட முடியாது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ நினைச்சுப் பாருங்க, நம்ம பாக்ஸர் ப்ரூனோ ஜூலி குவார்ட்டர் ஃபைனல்ல ஜெயிச்சாரு, பாக்ஸிங்ல செமில தோத்தாலும் வெண்கலம் உண்டு, அதனால அந்த நிமிஷமே நம்ம நாட்டோட முதல் ஒலிம்பிக் மெடல் உறுதி ஆயிடுச்சு. அந்த சந்தோஷம் தான் எக்ஸல்ட். சாதிச்சுட்டோம்ங்கற பெருமிதம் உள்ள இருக்கணும், அது அடக்க முடியாம வெளிய வரணும். கோயில்ல ஏழு கறி சாப்பாடு ருசியா இருந்துச்சுன்னா அதுக்கு என்ஜாய் போதும். கல்யாண வீட்டு சந்தோஷத்துக்கு ரிஜாய்ஸ் தான் பொருத்தம்.

எங்க அக்கா மக லெசோனுக்கு (டியூஷனுக்கு) எழுதின காம்போசிஷன்ல 'ஷி எக்ஸல்டட் ஹெர் ரிசல்ட்ஸ்'னு இருந்துச்சு. "அட் போடலன்னா மார்க் போயிடுமா சித்தி?"ன்னு கேட்டா. மார்க் மட்டும் இல்லடி, எத நினைச்சு துள்ளுறான்னு சொல்ல அந்த சின்ன வார்த்தை வேணும்னேன். ஒரு சேதி கேட்டு பூரிச்சா எக்ஸல்ட் அட், வெற்றியில அப்படியே திளைச்சா எக்ஸல்ட் இன். எக்ஸல்ட் ஓவர் போடும்போது மட்டும் பார்த்து போடுங்க, தோத்தவன் முன்னாடி நின்னு கொக்கரிக்கிற வாடை அதுல வந்துடும், ப்ரூனோ ஜூலிக்காக சந்தோஷப்பட்டதுல அந்த வாடையே இல்லையே.

அப்புறம் எக்ஸால்ட்னு (exalt) ஒண்ணு இருக்கு, அது ஒருத்தர உயர்த்தி வைக்கிறது, போற்றுறது. எனக்கு ரொம்ப பிடிச்சது அதோட நவுன், எக்ஸால்டேஷன். வானம்பாடிக் கூட்டத்துக்கு இங்கிலீஷ்ல ஆன் எக்ஸால்டேஷன் ஆஃப் லார்க்ஸ்னு பேரு, பாடிக்கிட்டே மேல மேல எழும்பற பறவைக்கு இதவிட பொருத்தமா யாரு பேரு வைக்க முடியும் சொல்லுங்க.

ஆனா எக்ஸல்ட் வேற, எக்ஸால்ட் வேற. ஸ்பெல்லிங்ல யூ இருந்தா துள்ளல், ஏ இருந்தா போற்றல், பரீட்சையில அந்த ஒரு எழுத்த நிதானமா பார்த்து எழுதுங்க பிள்ளைங்களா.