மிளகும் குடலும்: டிராஸ்டேவெரே குறிப்புகள்

2024 ஏப்ரல் 10, புதன்

ரோமில் தைபர் ஆற்றைத் தாண்டினால் டிராஸ்டேவெரே. தங்கியிருப்பது சாந்தா மரியா தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு சந்தில். பக்கத்திலேயே சின்ன டிராட்டோரியா, அதாவது எளிய வீட்டுச் சாப்பாட்டுக் கடை. மேசைக்குக் காகித விரிப்பு, கரும்பலகையில் அன்றைய சமையல். ஏழு மணிக்கே போய் நின்றோம். ஊழியர்கள் அப்போதுதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஏழரைக்கு வாருங்கள் என்று கையசைத்தார் பெரியவர் ஒருவர்.

அதுவரை சதுக்கத்து நீரூற்றுப் படியில் உட்கார்ந்தோம். ஒரு பக்கம் கிட்டார், இன்னொரு பக்கம் பந்து உதைக்கும் பிள்ளைகள். தேவாலய முகப்பில் விளக்கேந்தி நிற்கும் பெண்களின் பழைய மொசைக் ஓவியம்.

காச்சோ எ பெப்பே சொன்னோம். செம்மறிப் பாலில் செய்த பெக்கோரினோ சீஸ், மிளகு, பாஸ்தா, அவ்வளவுதான். எண்ணெய் கிடையாது, வெண்ணெய் கிடையாது. பாஸ்தா வெந்த தண்ணீரில் இறங்கியிருக்கும் மாவுதான் சீஸைக் குழம்பாகப் பிடித்து வைக்கிறது. சூடு கொஞ்சம் ஏறினாலும் சீஸ் திரண்டு கட்டிகட்டியாகிவிடும். என் தட்டில் ஒரு கட்டிகூட இல்லை. மிளகை ஒன்றிரண்டாக உடைத்திருந்தார்கள். பல்லில் நறுக்கென்று பட்டது.

ஏப்ரல் 11, வியாழன்

காலையில் ஃபோரம், பழைய ரோமின் நடுச் சதுக்கம், இப்போது இடிபாடுகள். மாக்சென்டியஸ் கட்டடத்துக்கு அடியில்தான் பேரரசர் டொமிஷியன் கட்டிய மிளகுக் கிடங்குகள் இருந்தன. சேரநாட்டுப் பழைய துறைமுகமான முசிறியில் ஏற்றிய மிளகு மூட்டைகள் செங்கடல், எகிப்து வழியாக இங்கே வந்து இறங்கின. "அப்போ நேத்து சாப்பிட்டதுக்கு நாமதான் காசு வாங்கியிருக்கணும்" என்றாள் மனைவி.

ராத்திரி அதே கடை. ரோமில் வியாழன் என்றால் ஞோக்கி என்ற சின்ன மாவுருண்டைகள், வெள்ளி மீன், சனி குடல். அது பழைய வழக்கம். உருளைக்கிழங்கு ஞோக்கி பஞ்சு மாதிரி இருந்தது, ஆனால் பாதித் தட்டிலேயே திகட்டிவிட்டது. கூடவே வந்த கூனைப்பூ (ஆர்ட்டிசோக்) பிரமாதம்: புதினாவும் பூண்டும் அடைத்து, தலைகீழாக நிறுத்தி வேகவைத்தது. இதுதான் அதன் பருவம்.

ஏப்ரல் 12, வெள்ளி

மீன் நாள். மீனைத் தேடாமல் பெரிய தெருவில் வேறு கடைக்குப் போனோம். வாசலில் ஆள் கூப்பிடுகிறார், மெனுவில் புகைப்படங்கள். கார்பொனாராவில் கிரீம்! முட்டை மஞ்சள்கரு, பெக்கோரினோ, உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றிக் கன்னக் கறி என்று இருக்க வேண்டியது. பில்லில் மேசைக் கட்டணம் வேறு. ரோம் இருக்கும் லாட்சியோ மாகாணத்தில் 2006-இல் வந்த சட்டம் அதைத் தடை செய்தது. ரொட்டிக்கு மட்டும் விலை போட விட்டது. கேட்டேன். முனகிக்கொண்டே அந்தக் கட்டணத்தைப் பில்லிலிருந்து நீக்கிக் கொடுத்தார்கள்.

ஏப்ரல் 13, சனி

குடல் நாள். ஆற்றுக்கு அக்கரையில் டெஸ்டாச்சோ இறைச்சிக்கூடம் 1975 வரை நடந்தது. நல்ல கறி பணக்காரர் வீட்டுக்கும், குடலும் வாலும் கூலிக்காரர் வீட்டுக்கும் போன காலத்துச் சமையல் இது. தக்காளியில் நெடுநேரம் வெந்த மாட்டுக் குடல். மேலே பெக்கோரினோ, கொஞ்சம் புதினா. நம் குடல் குழம்பின் காரம் இல்லை, ஆனால் அந்த மெத்தென்ற கடி அப்படியே இருந்தது. மனைவி தொடவில்லை, இன்னொரு காச்சோ எ பெப்பே வாங்கிக்கொண்டாள்.

பெரியவர் என் தட்டை எட்டிப் பார்த்தார். மிச்சச் சாற்றை ரொட்டியால் துடைக்கச் சொல்லிச் சைகை காட்டி, கூடையில் இன்னும் இரண்டு துண்டு வைத்துவிட்டுப் போனார். பில்லில் அதற்குக் காசு போடவில்லை.

நாளை கடை விடுமுறை. திங்கள் காலை நேப்பிள்ஸ் ரயில், அங்கே பீட்சா.