புதுச் சாரணர் குழு தொடங்கத் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி: நாங்கள் சறுக்கிய இடங்கள்

போன வாரம்தான் எங்கள் மூன்றாவது குழுவின் பதிவு கைக்கு வந்தது. உறையைப் பிரித்தபோது கண் கலங்கிவிட்டது. ஒன்றரை வருட அலைச்சல் அது. இந்த வேலையில் இறங்கப் போகிறவர்கள் நான் விழுந்த பள்ளத்தில் விழ வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

எனக்குக் கொடுத்த பொறுப்பு இதுதான்: 14 தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுத்து, இரண்டிரண்டு பேராகப் புதிய இடங்களுக்கு அனுப்பி, குழு தொடங்க உதவ வைப்பது. குழுவை நடத்தப் போவது உள்ளூர்ப் பெரியவர்கள். நம் ஆட்கள் முதல் ஒரு வருடம் அவர்களுக்குத் துணை நிற்க வேண்டும். இந்த வித்தியாசம் அப்போது எனக்கே சரியாகப் பிடிபடவில்லை.

முதல் பயிற்சி இரண்டு நாள். முடிச்சு, கொடியேற்றம், திசைகாட்டி, தீமூட்டப் பாடல் எல்லாம் நன்றாகவே நடந்தன. 1919-இல் இங்கிலாந்தின் கில்வெல் பூங்காவில் சாரணர் தலைவர்களுக்காக நடந்த முதல் வுட் பேட்ஜ் பயிற்சியிலேயே பெரியவர்களை அணிகளாகப் பிரித்து, பிள்ளைகள் செய்வதை அவர்களையும் செய்ய வைத்துத்தான் கற்றுக்கொடுத்தார்கள். அந்த முறையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. குழு நடத்துகிறவருக்கு அது கட்டாயம் வேண்டும். ஆனால் குழு தொடங்கி வைக்கிறவர் போய் நிற்பது ஒரு தலைமையாசிரியரின் மேசைக்கு முன்னால், தயங்கும் பெற்றோருக்கு நடுவில். அங்கே என்ன பேசுவது என்று நாங்கள் ஒரு மணி நேரம்கூடச் சொல்லித் தரவில்லை.

விளைவு சீக்கிரமே தெரிந்தது. முதல் குழுவில் ஆரம்ப வாரமே 24 பிள்ளைகள். பொறுப்பேற்றவர் துடிப்பான இளைஞர், எல்லாவற்றையும் தானே செய்தார். நம் ஆட்களும் அதைப் பார்த்து மகிழ்ந்துபோய், "அங்கே எல்லாம் நன்றாகப் போகிறது சார்" என்றே சொல்லிவந்தார்கள். ஏழாவது மாதம் அவருக்கு வேலை வேறு ஊருக்கு மாறியது. அடுத்த மூன்று வாரத்தில் குழு கலைந்துவிட்டது. கூடம் திருப்பிக் கேட்கப்பட்டு நான் போய் அலமாரியைத் திறந்தபோது, பிள்ளைகள் கையால் தைத்த அணிக்கொடிகள் மடித்து வைத்திருந்தன. ஆந்தை அணிக் கொடியில் ஒரு கண்தான் தைத்திருந்தது. இன்னொரு கண் பென்சில் வட்டமாகவே இருந்தது, பக்கத்தில் ஊசி குத்தியபடி. அதை இன்றும் மறக்க முடியவில்லை.

இரண்டாவது குழுவில் கதை வேறு. ஆட்கள் இருந்தார்கள், காகிதம் காலை வாரியது. பதிவுக்காக மூன்று முறை அலுவலகம் போனேன். முதல் முறை, இடம் கொடுக்கும் நிறுவனத்தின் சம்மதக் கடிதத்தில் "கூடத்தைப் பயன்படுத்தலாம்" என்று மட்டும் இருந்தது. குழுவுக்குப் பொறுப்பேற்பதாக ஒரு வரி இல்லை. எழுத்தர் அந்த இடத்தில் சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டுத் திருப்பித் தள்ளினார். கடிதத்தைத் திருத்தி வாங்கப் பத்து நாள். இரண்டாவது முறை அடுத்த வட்டம்: துணைத் தலைவரின் பெயரில் இருந்த முதலெழுத்து அடையாள அட்டையில் ஒரு விதமாகவும் படிவத்தில் ஒரு விதமாகவும் இருந்தது. அந்தத் தாள் முதல் நாளும் அவர் கையில் இருந்ததுதான்! முழுக் கோப்பையும் அன்றைக்கே புரட்டியிருந்தால் ஒரு பயணம் மிச்சம். அதற்குள் பிள்ளைகள் ஸ்கார்ஃபை மடித்து வைத்துக்கொண்டு உறுதிமொழி ஏற்பு நாளுக்காகக் காத்திருந்தார்கள். இரண்டு தடவை தேதியைத் தள்ளிவைத்தோம். இரண்டாம் தடவை சொல்லும்போது அவர்கள் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அதனால் ஒன்று சொல்கிறேன். படிவத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். "எல்லாக் குறையையும் ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள் சார்" என்று நின்று கேளுங்கள். மூன்றாவது முறை நான் அப்படித்தான் கேட்டேன், எழுதியும் கொடுத்தார். இப்போது பயிற்சியிலேயே வேண்டுமென்று ஐந்தாறு தவறுகளோடு நிரப்பிய படிவத்தைக் கொடுத்துக் கண்டுபிடிக்கச் சொல்கிறேன். முதலெழுத்துத் தவறைப் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள்.

பிள்ளைகளோடு பழகப் போகும் பெரியவர்களின் பின்னணிச் சரிபார்ப்பில் மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். "எல்லாரும் தெரிந்தவர்கள்தானே, இதெல்லாம் எதற்கு?" என்று ஒருவர் கேட்டார், கோபித்துக்கொண்டு விலகியும் போனார். போகட்டும். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக்கூடாது, கூட்டத்தில் எப்போதும் இரண்டு பெரியவர்கள், கைபேசியில் தனிச்செய்தி கிடையாது. இந்த மூன்றையும் முதல் நாள் காலையிலேயே சொல்லிவிடுகிறோம். பிறகு சொன்னால் அவர்களைச் சந்தேகப்படுவது போல ஆகிவிடுகிறது.

இரண்டாவது பயிற்சியை முற்றிலும் மாற்றினோம். பாதி நேரம் ஆள் கூப்பிடுவதற்கே. பெற்றோர் கூட்டத்தில் "யாராவது உதவ முடியுமா?" என்று கேட்டால் எல்லோரும் தரையைப் பார்ப்பார்கள். ஒருவரிடம் தனியாகப் போய், ஒரு வேலையைச் சொல்லி, எவ்வளவு நேரம் என்றும் சொல்லிக் கேட்க வேண்டும். இதை நடித்துப் பார்த்தோம். இரண்டு நாளும் அதிகம் பேசாமல் இருந்த ஒரு அக்கா, தயங்கும் அம்மாவாக நடித்தார். "எனக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாதே" என்றார். எதிரில் இருந்தவர் உடனே இயக்கத்தின் பெருமையைப் பேச ஆரம்பிக்க, அக்கா இன்னும் பின்வாங்கினார். அடுத்து வந்தவர் வேறு மாதிரி கேட்டார்: "பிள்ளையை விட்டுவிட்டு அந்த ஒன்றரை மணி நேரம் எங்கே இருப்பீர்கள்?" "இங்கேதான், வெளியே வண்டியில் உட்கார்ந்திருப்பேன்." "அப்படியானால் உள்ளே வந்து வருகைப் பதிவேட்டை மட்டும் பார்த்துக்கொள்கிறீர்களா?" அக்கா சிரித்துவிட்டார். இதே கேள்வியைத்தான் இரண்டாவது குழுவில் நிஜமாகவே ஒரு அம்மாவிடம் கேட்டோம், அவரும் வந்தார்.

அப்புறம், எண்ணிக்கைக்கு ஆசைப்படாதீர்கள். 24 பேரோடு ஆரம்பித்தது எங்கள் தவறு. 1907-இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில், சாரணர் இயக்கத்தை நிறுவிய பேடன் பவல் நடத்திய சோதனை முகாமிலேயே சிறுவர்கள் சுமார் 20 பேர்தான், அவர்களையும் நான்கு அணிகளாகப் பிரித்து, அணிக்கு ஒரு சிறுவனைத் தலைவனாக வைத்தார். இப்போது நாங்கள் முதலில் எட்டுப் பிள்ளைகளை மட்டும் ஆறு வாரம் பழக்குகிறோம். அவர்களிலிருந்து அணித்தலைவர்கள் வந்த பிறகுதான் மற்றவர்களைச் சேர்க்கிறோம். வாசலில் காத்திருக்கும் பெற்றோர் கோபப்படுவார்கள், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

தொடங்கிய பிறகு முதல் மூன்று மாதம் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை நம் ஆள் நேரில் போக வேண்டும். தொலைபேசியில் கேட்டால் "நன்றாகப் போகிறது" என்றுதான் பதில் வரும். போகும்போதெல்லாம் ஒரே கேள்வி: அடுத்த வாரம் தலைவர் வராவிட்டால் யார் நடத்துவார்? பதிலாக வந்த பெயரை நோட்டில் எழுதிக்கொள்கிறோம். பெயர் இல்லாவிட்டால் அன்றைக்கு வேறு வேலை கிடையாது, அந்த ஆளைத் தேடுவதுதான் வேலை. நீண்ட விடுமுறைக்குப் பிறகு வரும் முதல் கூட்டத்துக்குக் கட்டாயம் போங்கள். குழு நழுவுவது பெரும்பாலும் அப்போதுதான்.

சென்ற சனிக்கிழமை இரண்டாவது குழுவின் தலைவருக்குக் காய்ச்சல். எனக்கு யாரும் சொல்லவில்லை. மாலையில் அந்தப் பதிவேட்டு அம்மாவிடமிருந்து அழைப்பு வந்தது. குழுவைத் திறக்கவில்லையோ என்று பதறிப்போய் எடுத்தேன். பின்னால் பிள்ளைகளின் கூச்சல். துணைத் தலைவரும் அவரும் கூடத்தைத் திறந்திருக்கிறார்கள், விளையாட்டை அணித்தலைவர்களே நடத்திக்கொண்டிருக்கிறார்கள். முதலுதவிப் பெட்டியின் சாவி எங்கே இருக்கிறது என்று கேட்கத்தான் கூப்பிட்டாராம். "ஒன்றும் பெரிதாக இல்லை சார், ஒருத்தனுக்கு முட்டியில் சிராய்ப்பு" என்றார். அன்றைய பதிவேட்டில் 17 பேர்.