செங்கடல் வாசலும் கொழும்புத் தேயிலையும்

கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் முகவர் கம்பனியில், ஏற்றுமதிப் பிரிவில் வேலை. ஐரோப்பாவுக்குத் தேயிலை அனுப்புகிறவர்களுக்குக் கப்பலில் இடம் பிடித்துக் கொடுப்பதும், சரக்கு எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொல்வதும் என் பொறுப்பு. காலையில் கணினியைத் திறந்தால் முதலில் பார்ப்பது நம் துறைமுகத்தை அல்ல, ஐரோப்பா போகும் வழியில் செங்கடலின் தெற்கு வாசலான பாப் எல் மண்டெப் நீரிணையை.

ஒரு கரை யேமன். மறுகரையில் ஜிபூட்டியும் எரித்திரியாவும். மிகக் குறுகிய இடத்தில் அகலம் 30 கிலோமீற்றருக்கும் கொஞ்சம் குறைவு. அதையும் பெரிம் என்ற தீவு இரண்டாகப் பிரிக்கிறது. யேமன் பக்க வழி ஏறத்தாழ 3 கிலோமீற்றர்தான் என்பதால் பெரிய கப்பல்கள் ஆபிரிக்கப் பக்கத்து அகன்ற வழியால் போகும். 1869இல் சுயஸ் கால்வாய் திறந்த பிறகுதான் இந்த வாசலுக்கு இவ்வளவு மதிப்பு. பிரித்தானியர் முந்திக்கொண்டு 1857லேயே பெரிமைப் பிடித்து வைத்திருந்தார்கள். குடிதண்ணீர்கூட இல்லாத தீவு! 1883 முதல் அங்கே நீராவிக் கப்பல்களுக்கு நிலக்கரி ஏற்றினார்கள். கப்பல்கள் எண்ணெய்க்கு மாறியதும் வியாபாரம் படுத்துவிட்டது, 1936இல் மூடினார்கள். கொழும்பும் அந்த நிலக்கரிக் காலத்தில் எழும்பிய துறைமுகம்தான். 1875இல் தொடங்கிய அலைதடுப்புச் சுவர் 1885இல் முடிய, காலித் துறைமுகத்துக்குப் போன கப்பல்கள் இங்கே வந்தன.

2023 நவம்பரில் யேமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் கலக்ஸி லீடர் என்ற கப்பலில் ஹெலிகொப்டரில் வந்து இறங்கிப் பிடித்தார்கள். அதற்குப் பிறகு என் திரையில் விசித்திரங்கள். கப்பல்கள் அனுப்பும் தானியங்கிச் சமிக்ஞையில் போய்ச்சேரும் துறைமுகத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், ‘ஊழியர் எல்லாரும் சீனர்’, ‘ஆயுதக் காவலர் உண்டு’ என்று வரத் தொடங்கியது. பக்கத்து மேசைத் தம்பி பகிடி என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்களைச் சுடாதீர்கள் என்பதை வேறு எப்படித்தான் எழுதுவது?

பெரிய கம்பனிகள் செங்கடலை விட்டு, ஆபிரிக்காவின் தெற்கே நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கின. பயணம் 10 முதல் 14 நாள் வரை நீண்டது. அட்டவணை குழம்பியதில் கப்பல்கள் பிராந்தியச் சரக்கையெல்லாம் கொழும்பில் இறக்கிவிட்டுப் போயின. 2024 தொடக்கத்தில் துறைமுகத்தில் மூச்சுவிட இடமில்லை. எரிகிற வீட்டில் குளிர்காய்வது போலத்தான். ஆனால் எங்களுக்கு வேலை இருந்தது, மறுக்க முடியாது.

அடி விழுந்தது தேயிலைக்காரருக்கு. மருதானையில் இருந்து ஒரு முதலாளி, செங்கடல் பெயரில் மேலதிகக் கட்டணம் போட்ட பட்டியலோடு நேரே வந்துவிட்டார்.

“தம்பி, கப்பல் அந்தப் பக்கமே போகல்லயே, பிறகென்னத்துக்குச் செங்கடல் பேர்ல காசு?”

கூடுதல் எரிபொருள், கூடுதல் நாள், அதே சேவையை நடத்தக் கூடுதல் கப்பல் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

“சரி, திரும்ப அந்த வழியால போனா குறைப்பீங்களா?”

மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவர் அந்தப் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அடுத்த கப்பல் எப்போது என்று கேட்டார்.