பழைய ஆம்ப், புதிய ஆம்ப்: காதில் விழும் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

வெற்றிடக் குழாயில் இயங்கும் வால்வு ஆம்பில் (ஆம்ப்ளிஃபையரில்) ஓர் இதம் இருக்கிறது, மின்சாரத்தை அதிவேகமாக ஆன்-ஆஃப் செய்து இயங்கும் புதிய கிளாஸ் டி ஆம்ப் வறண்டு ஒலிக்கிறது என்று பலர் சொல்கிறார்கள். இரண்டையும் அருகருகே வைத்துக் கேட்டால் வித்தியாசம் தெரியத்தான் செய்கிறது. ஆனால் அதில் பெரும்பங்கு பழைய ஆம்பின் உடல்நிலை, சமப்படுத்தாத ஒலியளவு, அவுட்புட் இம்பீடன்ஸ் (ஸ்பீக்கருக்குப் போகும் வழியில் ஆம்பே காட்டும் மின்தடை) ஆகியவற்றால் வருவது. இவற்றைக் கழித்த பிறகு மிஞ்சுவது மிகச் சிறிது. 1978-ல் வயர்லெஸ் வேர்ல்ட் இதழுக்காக ஜேம்ஸ் மோயர் நடத்திய சோதனையில், வால்வில் இயங்கும் குவாட் II-ஐயும், டிரான்சிஸ்டரில் இயங்கும் குவாட் 303, 405 ஆகியவற்றையும் எது ஓடுகிறது என்று தெரியாதபடி கண் மறைத்துக் கேட்டவர்களால் உறுதியாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

முதலில் உடல்நிலை. நாற்பது வருடம் ஓடிய ஆம்பைப் பழுதுபார்க்காமல் புதியதோடு ஒப்பிட்டால், கேட்பது வடிவமைப்பின் ஒலியை அல்ல, வற்றிய கெப்பாசிட்டரின் ஒலியை. எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி கூடும்போதெல்லாம் ஏறக்குறைய பாதியாகும். டிரான்சிஸ்டர்களில் எப்போதும் பெரிய மின்னோட்டம் ஓடும் கிளாஸ் ஏ ஆம்புகளில் இது இன்னும் கடுமை. 8 ஓமில் சேனலுக்கு 50 வாட் தரும் கிளாஸ் ஏ ஆம்ப், பாட்டே இல்லாமல் சும்மா இருக்கும்போதும் சேனலுக்கு 100 வாட்டுக்கு மேல் வெப்பமாக்கும்.

நெடுநாள் தூங்கிய டிரான்சிஸ்டர் ஆம்புக்கு முதன்முறை மின்சாரம் கொடுக்கும்போது 60 முதல் 100 வாட் இழை பல்பைத் தொடரில் போடுங்கள். பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால் நல்லது. பிரகாசமாகவே எரிந்தால் உள்ளே ஷார்ட். கிளாஸ் ஏ ஆம்ப் மட்டும் விதிவிலக்கு: அது நலமாக இருந்தாலும் பல்பு எரிந்துகொண்டேதான் இருக்கும்.

அடுத்து, ஸ்பீக்கரை இணைக்காமல் அவுட்புட்டில் டிசி எவ்வளவு என்று பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. 100-ஐத் தாண்டினால் காரணத்தைக் கண்டுபிடிக்கும் வரை ஸ்பீக்கரை இணைக்க வேண்டாம். அதன் பிறகு பயாஸ், அதாவது பாட்டு இல்லாதபோதும் அவுட்புட் டிரான்சிஸ்டர்களில் ஓடும் மின்னோட்டம். அரை மணி நேரமாவது சூடேறவிட்டு, எமிட்டர் ரெசிஸ்டரின் இரு முனைகளுக்கு இடையே அளக்க வேண்டும். 0.22 ஓமில் 10 மில்லிவோல்ட் என்றால் சுமார் 45 மில்லிஆம்பியர். சர்வீஸ் மேனுவலில் இருக்கும் எண் ஒரு ரெசிஸ்டருக்கா, இரண்டும் சேர்ந்தா என்பதைக் கவனியுங்கள். அதில் தவறினால் பயாஸ் இரட்டிப்பாகும் அல்லது பாதியாகும். பாதியானால் மெல்லிய பாட்டில் கிராஸ்ஓவர் கரகரப்பு (அலை ஒரு டிரான்சிஸ்டரிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடத்தில் எழும் சிதைவு) தலைகாட்டும். பயாஸைச் சரிசெய்யும் டிரிம்மர் திறந்த கார்பன் வகையாக இருந்தால் மூடிய பலசுற்று வகைக்கு மாற்றிவிடுங்கள். பல ஆம்புகளில் டிரிம்மரின் தொடுமுனை விட்டுப்போனால் பயாஸ் உச்சத்துக்கு ஏறி, அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் போய்விடும்.

ஒரு சேனல் மெல்லிய ஒலியில் மறைந்து, சத்தம் கூட்டினால் திரும்பி வருகிறதா? பெரும்பாலும் ஸ்பீக்கரை இணைத்துத் துண்டிக்கும் ரிலேயின் தொடுமுனை கறுத்திருக்கும். உப்புத்தாளால் தேய்த்தால் மேல்பூச்சு போய்விடும். ரிலேயையே மாற்றுவது நல்லது.

இனி ஒலியளவு. 0.5 டெசிபல் கூடுதலாக இருந்தால் "சத்தம் அதிகம்" என்று யாருக்கும் தோன்றாது; "தெளிவு அதிகம்" என்றுதான் தோன்றும். அதனால் 0.1 டெசிபலுக்குள் சமப்படுத்த வேண்டும், அதாவது வோல்ட்டில் சுமார் 1.2 சதவீதம். 400 ஹெர்ட்ஸ் சைன் ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரின் ஏசி வோல்ட்டில் அளங்கள். ஒன்று 2.83 வோல்ட் காட்டினால் மற்றது 2.80-க்கும் 2.86-க்கும் நடுவே நிற்க வேண்டும். 400 ஹெர்ட்ஸைச் சொல்லக் காரணம், மலிவான மீட்டர்கள் பல அதற்கு மேல் நம்பகமாக அளப்பதில்லை. கிளாஸ் டி ஆம்பில் மிச்சமிருக்கும் ஸ்விட்சிங் அலையும் மீட்டரைக் குழப்பலாம். மீட்டருக்கு முன்னால் 1 கிலோ ஓம் ரெசிஸ்டரைத் தொடரிலும், 10 நானோஃபாரட் கெப்பாசிட்டரை மீட்டருக்கு இணையாகவும் வைத்தால் தொல்லை தீரும்.

இன்னொரு பொறி இன்புட்டில் இருக்கிறது. பழைய இன்டகிரேட்டட் ஆம்புகளின் லைன் இன்புட் 150 முதல் 250 மில்லிவோல்ட்டுக்காக அமைந்தது; இன்றைய டேக் (டிஜிட்டல் கோப்பை ஒலி சிக்னலாக மாற்றும் கருவி) 2 வோல்ட் தள்ளுகிறது. வால்யூம் குமிழ் அடிமட்டத்திலேயே நிற்கும், அங்கே இடது வலது சமமாக இராது. "பழைய ஆம்பில் ஒலிமேடை ஒரு பக்கம் சாய்கிறது" என்பதற்கு இதுதான் வழக்கமான காரணம். 6.8 கிலோ ஓம் தொடரிலும் 2.2 கிலோ ஓம் தரைக்குமாக ஒரு பிரிப்பான் போட்டால் சுமார் 12 டெசிபல் குறையும்.

வால்வின் இதம் பெரும்பாலும் அவுட்புட் இம்பீடன்ஸில் இருக்கிறது. ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் ஒரே எண் அல்ல, அதிர்வெண்ணுக்கேற்ப ஏறி இறங்கும். ஆம்பின் அவுட்புட் 1 ஓம் என்று வையுங்கள். ஸ்பீக்கர் 4 ஓமாக இறங்கும் இடத்தில் 1.9 டெசிபல் இழப்பு. 20 ஓமாக ஏறும் இடத்தில் 0.4 மட்டுமே. ஆக, ஸ்பீக்கரின் வளைவே 1.5 டெசிபல் அளவுக்கு ஒலியில் பதிந்துவிடுகிறது. பாஸ் ரெசோனன்ஸில் (ஸ்பீக்கர் இயல்பாக அதிரும் தாழ்ந்த அதிர்வெண்ணில்) இம்பீடன்ஸ் ஏறுவதால் அங்கே பாஸ் பருக்கிறது. இதைக் காதாலேயே சோதிக்கலாம்: நல்ல டிரான்சிஸ்டர் ஆம்பின் அவுட்புட்டில் 1 ஓம், 20 வாட் ரெசிஸ்டரைத் தொடரில் போட்டு, ஒலியளவை மறுபடி சமப்படுத்திக் கேளுங்கள். இதத்தின் பெரும்பகுதி வந்து சேரும். 1985-ல் பாப் கார்வர் தன் டிரான்சிஸ்டர் ஆம்பை ஒரு விலையுயர்ந்த வால்வு ஆம்ப் போலவே ஒலிக்கச் செய்ததிலும் அவுட்புட் இம்பீடன்ஸுக்குப் பங்கு உண்டு.

டேம்பிங் ஃபேக்டர் (ஸ்பீக்கரின் 8 ஓமை ஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸால் வகுத்த எண்) 1000 என்ற விளம்பரத்தை நம்பி வாங்க வேண்டியதில்லை. 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கேபிள் 3 மீட்டர் ஓடினால் போகவர 0.04 ஓம் ஆகிவிடும். ஆம்பின் 0.008 ஓம் அதற்குள் கரைந்துபோகும்.

மாற்றி மாற்றிக் கேட்க ரிலேப் பெட்டி செய்பவர்கள் இரண்டு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். வால்வு ஆம்பை லோடு இல்லாமல் ஓடவிட்டால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரியலாம். மாறும் நொடியிலும் 8 ஓம் ரெசிஸ்டர் அதன்மேல் இருக்க வேண்டும். கிளாஸ் டி ஆம்புகள் பலவற்றில் கறுப்பு முனை தரை அல்ல, அதிலும் சிக்னல் ஓடும். ஆகவே சிவப்பு, கறுப்பு இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். இரண்டு ஆம்புகளின் கறுப்பு முனைகளையும் ஒன்றாக இணைத்தால் ஆம்ப் போய்விடும். 16 முறை கண் மறைத்துக் கேட்டு 12-ஐயாவது சரியாகச் சொன்னால்தான் அது ஊகமல்ல என்று கொள்ளலாம்.

உண்மையான வித்தியாசங்களும் உண்டு. 1960-களின் தொடக்ககால டிரான்சிஸ்டர் ஆம்புகள் பலவற்றுக்குக் கெட்ட பெயர் வந்தது நியாயமே: கிராஸ்ஓவர் டிஸ்டார்ஷன் கேட்கும் அளவுக்கே இருந்தது. 70-களின் ஆம்புகள் சிலவற்றில் காப்புச் சுற்று, ஸ்பீக்கர் 3 ஓமுக்கு இறங்கும்போது அவசரப்பட்டுக் குறுக்கிட்டு வெடிப்பொலி தரும். ஆரம்ப கிளாஸ் டி-யில் ஃபீட்பேக்கை (பிழை திருத்தத் திருப்பி எடுக்கும் சிக்னலை) ஸ்விட்சிங் அலையை வடிகட்டும் எல்சி ஃபில்டருக்கு முன்னாலேயே எடுத்தார்கள்; ஸ்பீக்கருக்குத் தக்கபடி டிரெபிள் மாறியது. ஹைப்பெக்ஸ் என்கோர், 2019-ல் வந்த ப்யூரிஃபை போன்ற கிளாஸ் டி தொகுதிகள் ஃபில்டருக்குப் பின்னாலிருந்து எடுப்பதால் அந்தக் குறை நீங்கியது. காதை ஒட்டிவைத்தாலும் இரைச்சல் கேட்காத அமைதி புதியவற்றின் தெளிவான வெற்றி. அதிக சென்சிட்டிவிட்டி உள்ள ஹார்ன் ஸ்பீக்கர் வைத்திருப்பவர் முதல் நாளே உணர்வார்.

பழையதன் பலம் பழுதுபார்க்க முடிவதில். ஆனால் உதிரிபாகத்தில் எச்சரிக்கை வேண்டும். அக்கால 2என்3055 டிரான்சிஸ்டர் மெதுவான வகை, இன்று அதே எண்ணில் கிடைப்பது வேகமானது. பழைய சுற்றில் அதைப் போட்டால் காதுக்கு எட்டாத அதிர்வெண்ணில் ஊசலாடலாம். சும்மா இருக்கும்போதே ஹீட்சிங்க் கொதித்தாலோ, ஊசலாட்டத்தைத் தடுக்க அவுட்புட்டில் இருக்கும் 10 ஓம் ஸோபல் ரெசிஸ்டர் கருகினாலோ அதுதான் அடையாளம்; ஆசிலாஸ்கோப்பில் பார்க்காமல் ஸ்பீக்கரை இணைக்காதீர்கள்.