14ஆம் நாள் கேட்க வேண்டிய கேள்வி

அந்தக் குழந்தை என்னிடம் வந்தபோது பிறந்து 97 நாள் ஆகியிருந்தது. கண்ணும் தோலும் மஞ்சள். வயிற்றைத் தொட்டால் கல்லீரல் கெட்டியாகக் கைக்குத் தட்டுப்பட்டது. அம்மா பையிலிருந்து மூன்று சீட்டுகளை எடுத்து நீட்டினார். மூன்று இடங்களில் காட்டியிருக்கிறார். மூன்றிலும் ஒரே பதில்: தாய்ப்பால் மஞ்சள், தானாகச் சரியாகிவிடும். மலம் என்ன நிறத்தில் போகிறது என்று யாராவது கேட்டார்களா என்றேன். "கேக்கலைங்க. நானாத்தான் சொன்னேன், சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போகுதுன்னு. பால்தானே குடிக்குது, அப்படித்தான் இருக்கும்னுட்டாங்க."

ஆக, அந்த அம்மா நோயை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார். காது கொடுத்துக் கேட்கத்தான் ஆள் இல்லை.

நோயின் பெயர் பிலியரி அட்ரீசியா. கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தத்தைக் கொண்டுபோகும் குழாய் அழற்சியால் அடைத்துப்போகிறது. பித்தம் குடலுக்கு வராததால் மலம் வெளுக்கிறது. ரத்தத்தில் ஏறுவதால் சிறுநீர் அடர் மஞ்சளாகித் துணியில் கறை படிகிறது. தேங்கும் பித்தம் கல்லீரலைத் தழும்பாக்கிவிடும். 1950களில் ஜப்பானிய அறுவை நிபுணர் மோரியோ கசாய், அடைபட்ட குழாயை எடுத்துவிட்டுச் சிறுகுடலைக் கல்லீரலோடு நேரடியாக இணைக்கும் முறையைக் கொண்டுவந்தார். இன்றும் முதல் சிகிச்சை அதுதான். 60 நாளுக்குள் செய்தால் பித்தம் ஓடும் வாய்ப்பு அதிகம். நாள் தள்ளத் தள்ள அது குறைந்துகொண்டே போகும்.

அந்தக் குழந்தைக்கு அறுவை நடந்தது. பித்தம் ஓடவில்லை. கல்லீரல் மாற்று ஒன்றுதான் வழி. அந்தக் குடும்பத்துக்கு அது எட்டவில்லை. இரண்டாவது பிறந்தநாள் வருவதற்குள் குழந்தை போய்விட்டது.

அந்த மூன்று சீட்டுகளை எழுதியவர்கள் மேல் முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் யோசித்தேன். தாய்ப்பால் மஞ்சள் நிஜமாகவே உண்டு, வாரக்கணக்கில் நீடிக்கவும் செய்யும். பித்தநாளம் அடைபட்ட குழந்தையும் தொடக்கத்தில் நன்றாகப் பால் குடிக்கும், எடை கூடும், சிரிக்கும். நெரிசலான புறநோயாளிப் பிரிவில் அப்படி ஒரு குழந்தையை நோயாளி என்று யாருக்கும் தோன்றாது. பயிற்சிக் காலத்தில் நானே எத்தனை அம்மாக்களிடம் "சரியாகிவிடும்" என்று சொல்லி அனுப்பியிருப்பேன்! அவர்களில் எவரிடமும் மலத்தைப் பற்றிக் கேட்ட ஞாபகம் எனக்கு இல்லை.

சிறிய மருத்துவமனைகளுக்குப் போய்ப் பார்க்க ஆரம்பித்தது அதன் பிறகுதான். ஸ்கேன் இல்லை, நிபுணர் இல்லை என்று பட்டியல் போட எளிது. ஆனால் நான் போன பல ஆய்வகங்களில் பிலிருபின் (ரத்தத்தில் கூடினால் உடலை மஞ்சளாக்கும் பொருள்) பார்க்கும் வசதி இருந்தது. மொத்த அளவை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். டைரக்ட் பிலிருபினை, அதாவது கல்லீரல் பக்குவப்படுத்திப் பித்தத்தில் அனுப்பும் பகுதியை, தனியாகப் பார்த்துக் கொடுங்கள் என்று யாரும் எழுதிக் கேட்டதில்லை. 14 நாள் தாண்டியும் மஞ்சள் இருந்தால் அந்த ஒரு எண்தான் வழியைக் காட்டும். அது கூடியிருந்தால் ஒளிச் சிகிச்சை உதவாது, வெயிலில் காட்டுவதும் உதவாது. உடனே மேலே அனுப்ப வேண்டும். வெளிச்சம் பட்டால் பிலிருபின் சிதையும் என்பதால் ரத்த மாதிரி எடுத்த சோதனைக் குழாயைக் கறுப்புத் தாளில் சுற்றி வைக்கச் சொன்னோம். இதற்கெல்லாம் செலவு என்று பெரிதாக எதுவும் ஆகவில்லை.

செவிலியர்களிடம் நான் கற்றது அதிகம். தைவானில் 2004 முதல் நாடு முழுவதும் மலத்தின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் மல நிற அட்டையைத் தாய்மார்களிடம் கொடுக்கிறார்கள். நாங்களும் அப்படி ஒரு அட்டையை வைத்துப் பழகினோம். குண்டு பல்பு வெளிச்சத்தில் எந்த மலமும் மஞ்சளாகத்தான் தெரிகிறது என்று ஒரு செவிலியர் சொன்னார். அன்றிலிருந்து ஜன்னலோரம், பகல் வெளிச்சத்தில்தான் பார்ப்பது. மேற்பரப்பில் லேசாக மஞ்சள் ஒட்டியிருந்தாலும் உள்ளே வெளுத்திருக்கலாம் என்பதால் உடைத்தும் பார்க்கிறோம். தடுப்பூசிக்கு வரும் நாளில் ஊசி போடும் முன்பே மலத்தின் நிறத்தைக் கேட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்றையும் வலியுறுத்திச் சொல்வேன். பித்தம் இல்லாமல் கொழுப்பு செரிக்காது; கொழுப்பில் கரையும் வைட்டமின்களும் உடலில் சேராது. வைட்டமின் கே குறைந்தால் ரத்தம் உறையாது. மேல் சிகிச்சைக்கு வரும் வழியிலேயே மூளையில் ரத்தம் கசிந்த குழந்தையை நான் பார்த்திருக்கிறேன். அனுப்பும் இடத்திலேயே வைட்டமின் கே ஊசி போட்டிருந்தால் தவிர்த்திருக்கலாம்.

வயிற்றுப்போக்கிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஓ.ஆர்.எஸ். கொடுப்பது இன்று ஓரளவு பழகிவிட்டது. கூடவே 10 முதல் 14 நாள் துத்தநாகமும் (ஜிங்க்) கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2004லேயே சொல்லியாயிற்று. போக்கு நின்றதும் அம்மாக்கள் துத்தநாக மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். மீதி நாள்களுக்கு எதற்கு என்று அவர்களிடம் யாரும் விளக்கியதில்லை. அடுத்த சில மாதங்களில் மறுபடி போக்கு வருவதை அது குறைக்கும் என்று சொன்னால் பெரும்பாலான அம்மாக்கள் முழுவதும் கொடுத்து முடிக்கிறார்கள்.

நேற்று மாலை ஒரு செவிலியரிடமிருந்து ஃபோன். 19 நாள் குழந்தை, மஞ்சள் இறங்கவில்லை. பகல் வெளிச்சத்தில் பார்த்தீர்களா என்று நான் கேட்டு முடிப்பதற்குள், "பாத்துட்டேன் டாக்டர், உடைச்சும் பாத்துட்டேன். உள்ளே வெளுப்புதான். டைரக்ட் கூடியிருக்கு. வைட்டமின் கே போட்டாச்சு. காலையில முதல் வண்டியில அனுப்புறேன், அம்மாகிட்ட உங்க பேரைச் சொல்லியிருக்கேன்" என்றார்.