எல்இடி பல்பின் ஆயுளைக் கூட்ட ஒரு ரெசிஸ்டர் போதும்

கடையில் வாங்கும் 9 வாட் எல்இடி பல்பு அட்டையில் போட்ட மணிக்கணக்கை எட்டுவதற்கு முன்பே போய்விடுகிறதென்றால், பெரும்பாலும் சூடுதான் காரணம். தயாரிப்பவர் எல்இடிகளின் எண்ணிக்கையைக் குறைத்து, மிச்சமிருப்பவற்றில் மின்னோட்டத்தை ஏற்றி, வெளிச்சத்தைச் சரிக்கட்டிவிடுகிறார். விலை குறைகிறது, ஆயுளும் கூடவே குறைகிறது.

இதற்கு நேர்மாறான வழியில் போனது துபாய் லேம்ப். துபாய் மாநகராட்சிக்காக ஃபிலிப்ஸ் வடிவமைத்து 2016-ல் வெளியிட்ட பல்பு அது. 3 வாட்டில் 600 லுமென் (ஒளியின் அளவு), அதாவது வாட்டுக்கு 200 லுமென். நம் கடைகளில் கிடைப்பவை வாட்டுக்குச் சுமார் 100 லுமென்தான் தருகின்றன. துபாய் லேம்பில் எல்இடிகள் அதிகம், ஒவ்வொன்றிலும் ஓடும் மின்னோட்டம் மிகக் குறைவு. 1993-ல் நிச்சியா நிறுவனத்தில் ஷுஜி நகமுரா பிரகாசமாக ஒளிரவைத்த நீல எல்இடிதான் இன்றைய வெள்ளை பல்புகளுக்கெல்லாம் அடிப்படை. அந்த நீலச் சில்லின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூசினால் வெள்ளை ஒளி வரும். இந்த வகைச் சில்லில் மின்னோட்டம் ஏற ஏற, ஒரு வாட்டுக்குக் கிடைக்கும் ஒளி குறையும். ஆகவே மின்னோட்டத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தாலும், வெளிச்சம் அந்த அளவுக்குக் குறையாது.

அதே வேலையை மலிவான பல்பிலும் செய்யலாம். மேலே உள்ள பால் நிற மூடியைச் சுற்றி மெல்லிய கத்தியை ஓட்டி நெம்பினால் கழன்றுவிடும். உள்ளே ஓர் அலுமினியத் தட்டு. அதிலேயே எல்இடிகளும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஐசியும் சேர்ந்திருந்தால் அது டிஓபி (டிரைவர் ஆன் போர்டு) வகை. ஐசிக்குப் பக்கத்தில், பெரும்பாலும் ஒன்றுக்கொன்று இணையாக இரண்டு சிறிய ரெசிஸ்டர்கள் இருக்கும். மின்னோட்டத்தைத் தீர்மானிப்பவை அவைதான். ஒன்றைக் கழற்றிவிட்டால் மின்னோட்டம் குறையும்.

ஓர் உதாரணக் கணக்கு: 18 வோல்ட் எல்இடி 15, தொடராக 270 வோல்ட். ஐசியின் ஒப்பீட்டு வோல்டேஜ் (அந்த ரெசிஸ்டர்களின் குறுக்கே ஐசி நிலையாக வைக்கும் வோல்டேஜ்) 0.6 என்றும், 30 ஓமும் 62 ஓமும் இணையாக இருக்கின்றன என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 20 ஓம். 0.6-ஐ 20-ஆல் வகுத்தால் 30 மில்லி ஆம்பியர். எல்இடிகள் மட்டும் 8.1 வாட் எடுக்கும். 62 ஓமைக் கழற்றிவிட்டால் 20 மில்லி ஆம்பியர், 5.4 வாட். தவறுதலாக 30 ஓமைக் கழற்றினால் 10 மில்லி ஆம்பியருக்குக் கீழே போய் பல்பு மங்கிவிடும். அதனால் மதிப்பு அதிகமுள்ளதைத்தான் எடுக்க வேண்டும்.

தொடுவதற்கு முன் ஒன்று. 230 வோல்ட்டை நேர்திசையாக்கினால் உச்சம் 325 வோல்ட். ஹோல்டரிலிருந்து கழற்றிய பிறகும் கெபாசிட்டர் அதைப் பிடித்து வைத்திருக்கலாம். 10 கிலோ ஓம் ரெசிஸ்டரை இன்சுலேட்டட் கொறடில் பிடித்து, கெபாசிட்டரின் இரு முனையிலும் சில வினாடி வையுங்கள். பிறகு மல்டிமீட்டரில் பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். மூடியில்லாமல் எரியவிட்டுத் தட்டைத் தொடவே கூடாது. இதில் மெயின்ஸிலிருந்து பிரிக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது.

முழுக்க அணைந்த பல்பில், எல்இடிகளின் மஞ்சள் பரப்பில் கரும்புள்ளி தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். தொடர் இணைப்பு என்பதால் ஒன்று போனால் எல்லாம் போகும். 3 வோல்ட் எல்இடியை மல்டிமீட்டரின் டயோடு நிலையிலேயே சோதிக்கலாம், லேசாக ஒளிரும். 9, 18 வோல்ட் வகைகளுக்கு அந்த வோல்டேஜ் போதாது. நல்ல எல்இடியைக் கூடக் கெட்டது என்று எண்ணிவிடுவார்கள்.

கெட்டதை எடுத்துவிட்டு ஈயத்தால் பாலம் போடுவது கடைக்காரர்கள் செய்யும் வழக்கம். டிஓபி பல்பில் இது அரைகுறை வைத்தியம். அந்த 18 வோல்ட் முழுவதும் இப்போது ஐசியின் மேல் விழும். 30 மில்லி ஆம்பியரில் கூடுதலாக அரை வாட்டுக்கும் மேல், அதுவும் அந்தச் சின்ன ஐசியில். பாலம் போட்டால் கூடவே மதிப்பு அதிகமுள்ள அந்த ரெசிஸ்டரையும் கழற்றிவிடுங்கள். புதிய எல்இடி வைப்பதானால், அலுமினியம் சூட்டை உடனே இழுத்துக்கொள்ளும் என்பதால் மேலிருந்து சால்டரிங் அயர்ன் வைத்துப் பயனில்லை. தட்டின் அடியிலிருந்து சூடேற்ற வேண்டும்.

தட்டு பல்பின் அலுமினிய உடலோடு இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். தளர்ந்திருந்தால் ஓரத்தில் மெல்லியதாக தெர்மல் பேஸ்ட் தடவி அழுத்துங்கள்.

எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் உலர்ந்துவிட்டால் பல்பு மினுக்கும். மாற்றும்போது 400 வோல்ட், 105 டிகிரி என்று அச்சிட்டதையே வாங்குங்கள். 10 டிகிரி சூடு கூடினால் அதன் ஆயுள் பாதியாகும். காற்றோட்டமில்லாத மூடிய கண்ணாடிக் குடுவைக்குள் பல்பு சீக்கிரம் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஐசியே இல்லாத மிக மலிவான பல்புகளில் இந்த ரெசிஸ்டர் வித்தை நடக்காது. அவற்றில் ஒரு ஃபிலிம் கெபாசிட்டர்தான் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. அதன் மைக்ரோ ஃபாரட் மதிப்பைக் குறைத்தால் மின்னோட்டமும் ஏறக்குறைய அதே விகிதத்தில் குறையும்.